பற்றுச்சீட்டில் மருந்தின் பெயர் இருக்கிறதா?

பல் பிடுங்கிய மறுநாள், அமொக்சிசிலின் குளிசை போட்டு இருபது நிமிடங்களுக்குள் உடலெங்கும் தடித்து உதடு வீங்கிவிட, வெள்ளவத்தையிலிருந்து முச்சக்கர வண்டியில் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். உயிரைக் காப்பாற்றினார்கள், அதில் குறையில்லை. ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது தந்த அட்டையில் 'மருந்து ஒவ்வாமை' என்ற இரண்டு சொற்களே இருந்தன. கடும் ஒவ்வாமைத் தாக்கம் நடந்ததைக் காட்டக்கூடிய, முதல் நான்கு மணித்தியாலங்களுக்குள் எடுப்பதே நல்லதான டிரிப்டேஸ் இரத்தப் பரிசோதனையையும் எவரும் எடுத்திருக்கவில்லை.

ஆறு வாரங்களின் பின்னர் ஒவ்வாமை வைத்தியர், ஒவ்வாமையின்போது உடல் உருவாக்கும் ஐஜிஈ என்ற எதிர்ப்புப் புரதத்தில் அமொக்சிசிலினுக்குரிய அளவைப் பார்க்கும்படி துண்டு எழுதித் தந்தார். ஆய்வுகூடக் கருமபீடத்தில் இருந்தவர் துண்டை முழுதாக வாசிக்காமலே, "ஐஜிஈ தானே மிஸ்" என்று கணினியில் தட்டிப் பற்றுச்சீட்டை நீட்டினார். மூன்றாம் நாள் கிடைத்த அறிக்கையில் ஒரேயொரு எண். அது மொத்த ஐஜிஈ. தூசி ஒவ்வாமையாலும் வயிற்றுப் பூச்சியாலும்கூட உயரக்கூடிய அந்த அளவு, எந்த மருந்து எனக்கு ஆகாது என்பதைப் பற்றி எதையும் சொல்லாது. திரும்பிப் போய்க் கேட்டபோது, "எல்லாம் ஒன்றுதான்" என்றார். பணமும் வரவில்லை.

இரண்டாம் முறை, பற்றுச்சீட்டில், அமொக்சிசிலினுக்குரிய ஐஜிஈ பரிசோதனையைக் குறிக்கும் 'அமொக்சிசிலோயில்' என்ற சொல்லைக் கண்ணால் கண்ட பிறகே கையை நீட்டினேன். இரத்தப் பரிசோதனைக்காக அலர்ஜிக் குளிசையை நிறுத்தத் தேவையில்லை என்பது தெரியாமல், ஒரு வாரம் தும்மித் தும்மி வீணாக அவதிப்பட்டதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அதை நிறுத்த வேண்டியது தோல் பரிசோதனைக்குத்தான்.

முடிவு, ஒவ்வாமைக்கான எல்லையாக வைத்திருந்த 0.35க்குக் கீழே இருந்தது. ஒவ்வாமை இல்லை என்று வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். வைத்தியரோ, இந்தப் பரிசோதனை உண்மையான ஒவ்வாமையையும் பல வேளைகளில் தவறவிடும் என்பதால், இதை மட்டும் நம்பி அந்தக் குளிசையைத் தொடவே கூடாதென்று கண்டிப்பாகச் சொல்லித் தோல் பரிசோதனைக்கு அனுப்பினார். முன்கையில் மருந்தை ஏற்றிக் கால் மணித்தியாலம் ஆவதற்குள் அந்த இடம் சிவந்து, நுளம்பு கடித்ததைப் போல் புடைத்துக்கொண்டு வந்தது. தாதி அளவுகோலை வைத்து அளந்தபோது, 'ஒவ்வாமை இல்லை' என்ற இரத்த அறிக்கை என் மடியிலேயே கிடந்தது.

இப்போது கைப்பையில் உள்ள புதிய அட்டையில் அமொக்சிசிலினோடு, அதே மருந்து கலந்த ஒக்மென்டினின் பெயரையும் எழுதுவித்திருக்கிறேன்.