தம்பிக்கு இரண்டாம் முறையும் நான்தான்

மார்ச் 4, 2024, ஹூஸ்டன்

என் மஜ்ஜையைத் தம்பிக்கு ஏற்றி இன்றோடு 52 நாள். அவன் ரத்தத்தில் சிஎம்வி வைரஸ் மறுபடி ஏறுகிறது. நம்மில் பெரும்பாலோர் உடம்பில் சிறு வயதிலேயே புகுந்து சத்தமில்லாமல் கிடக்கிற வைரஸ்தான், வைரஸை எதிர்க்கும் வெள்ளை அணுக்களான டி செல்கள் காவல் இருக்கும்வரை ஒன்றும் செய்யாது. அவனுக்கு அந்தக் காவல் இன்னும் வரவில்லை. கான்சைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து கொடுத்தார்கள், வெள்ளை அணுக்கள் சரிந்தன. ஃபாஸ்கார்நெட் என்ற இன்னொரு மருந்துக்கு மாற்றினார்கள், இப்போது கிட்னி பாதிப்பைக் காட்டும் கிரியாட்டினின் ஏறுகிறது. கிட்னியும் போய்விடுமா என்று அம்மா போனில் கேட்கிறார்.

மார்ச் 7

டாக்டர் என் ரத்தம் வேண்டும் என்றார். அதில் சிஎம்வியை அடையாளம் தெரிந்த டி செல்களை மட்டும் ஆய்வகத்தில் பெருக்கி அவனுக்கு ஏற்றுவார்களாம். மஜ்ஜையோடு அதுவும் போயிருக்காதா என்று கேட்டேன். போயிருக்கும், ஆனால் கொஞ்சம்தான், என் செல்கள் அவன் உடம்பைத் தாக்காமல் இருக்கக் கொடுக்கும் மருந்துகள் அதையும் சேர்த்து அமுக்கிவிடுகின்றன என்றார். எனக்கு சிஎம்வி எப்போது வந்தது என்றே தெரியாது, ஏதோ காய்ச்சலாக வந்து போயிருக்கும். அது இன்று அவனுக்கு உதவுகிறது என்றால் அந்தக் காய்ச்சலுக்கு நன்றி சொல்வேன்.

மார்ச் 9

தூக்கம் வராமல் தேடிப் படித்தேன். 1992-லேயே சியாட்டிலில் ஸ்டான்லி ரிடெல் குழு மஜ்ஜை மாற்றிய 3 பேருக்கு இப்படி சிஎம்வி டி செல் ஏற்றியிருக்கிறது. எப்ஸ்டீன்-பார் வைரஸால் வரும் ஒரு கட்டிக்கு, முன்பின் தெரியாதவர் தானம் தந்த செல்லில் செய்த எப்வாலோ என்ற மருந்தை ஐரோப்பா 2022 டிசம்பரில் அனுமதித்தது. அதே போல ஆறு வைரஸ்களுக்கு எதிராகத் தயாரித்த போசோலூசெல் என்ற செல் மருந்தின் கடைசிக் கட்டச் சோதனைகளோ போன டிசம்பரில் பலன் தெரியாமல் நிறுத்தப்பட்டன. வயிற்றைக் கலக்கியது. காலையில் டாக்டரிடம் நேராகவே கேட்டேன், அவரும் உத்தரவாதம் எதுவும் தரவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது.

மார்ச் 27

ஏற்றியாகிவிட்டது. ஒரு சிறிய சிரிஞ்சு, சில நிமிடம், அவ்வளவுதான். புதுச் செல்களைக் கொன்றுவிடும் என்பதால் ஸ்டீராய்டை முன்பே குறைத்திருந்தார்கள். உறைய வைக்கச் சேர்த்த மருந்தின் வாடை, பூண்டு மாதிரி, அறை முழுக்க.

ஏப்ரல் 12

வைரஸ் அளவு தொடர்ந்து இரண்டு வாரம் இறங்கியிருக்கிறது. இன்று ஃபாஸ்கார்நெட்டை நிறுத்தினார்கள். கிரியாட்டினின் இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை. என் செல்கள் அவன் உடம்பைத் தாக்குவதன் அறிகுறியாகத் தோலில் தடிப்பு ஏதும் வருகிறதா என்று தினமும் காலையில் அவன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்க்கிறேன், "போதும்க்கா" என்கிறான். வைரஸ் அளவைப் பார்க்கும் அடுத்த பிசிஆர் சோதனை செவ்வாய்க்கிழமை.