இயந்திரம் வாங்கியாயிற்று, அரம் எங்கே?

மரம் வெட்டும் வேலைக்குப் புதிதாக வருகிற இளைஞர்கள் முதலில் கேட்பது, எந்த செயின்சா, அதாவது சங்கிலிப் பற்களால் மரம் அறுக்கும் இயந்திரம், வாங்கலாம் என்பதுதான். எத்தனை சிசி, சங்கிலி சுற்றி ஓடும் தகடு எத்தனை அங்குலம், ஜெர்மன் சாமானா சுவீடன் சாமானா என்று விவரமாகக் கேட்பார்கள். அரம் வாங்கினாயா என்று திருப்பிக் கேட்டால் விழிப்பார்கள். மலேசியாவின் பினாங்குத் தீவிலும் அதன் எதிர்க்கரையான செபராங் பிறையிலும் சாய்ந்த மரம், சாய்க்க வேண்டிய மரம், விறகு என்று பிழைப்பை ஓட்டுகிறவன் நான். ஆயிரக்கணக்கில் வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கிய இயந்திரத்தைச் சில வெள்ளிக்குக் கிடைக்கும் அரம்தான் காப்பாற்றுகிறது. அதை வைத்திருப்பவனையும் அதுதான் காப்பாற்றுகிறது.

சங்கிலி கூராக இருக்கிறதா என்று பார்க்கக் கண்ணாடி போட வேண்டாம். வெட்டும்போது கீழே விழுவதைப் பார்த்தால் போதும். சீவல் சீவலாக விழுந்தால் சரி. மாவாகக் கொட்டினால் சங்கிலி மழுங்கிவிட்டது. மழுங்கிய சங்கிலியோடு வெட்டுகிறவன் இயந்திரத்தின் மேல் உடம்பைச் சாய்த்து அழுத்துவான். அழுத்த அழுத்தக் கை தளரும். கை தளர்ந்த நேரத்தில் தகட்டு நுனியின் மேல்பகுதி பக்கத்துக் கிளையில் லேசாக உரசினால் போதும், இயந்திரம் எகிறி முகத்தை நோக்கி வரும். முன்கைப்பிடிக்கு எதிரே நிற்கும் பிளாஸ்டிக் தடுப்பு அந்த நொடியில் சங்கிலியை நிறுத்துவதற்காகவே இருக்கிறது. அது உடைந்துபோனால் மாற்றாமல், ‘இல்லாவிட்டாலும் ஓடுகிறதே’ என்று வேலை செய்கிறவர்களோடு நான் ஒரே மரத்தடியில் நிற்பதில்லை.

தீட்டுவதும் பெரிய வித்தையல்ல. தகட்டை ஒரு கட்டையில் இறுக்கிக்கொண்டு, உருண்டை அரத்தைப் பல்லின் உள்வளைவில் வைத்து முன்னோக்கி மட்டும் தள்ள வேண்டும். திரும்பி வரும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும். இழுத்தால் அரம்தான் தேயும். முதல் பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்றுதான். வலப்பக்கப் பற்களுக்கு ஆசையாகத் தீட்டி, இடப்பக்கத்துக்குச் சோம்பினால் வெட்டு ஒரு பக்கமாக வளைந்துகொண்டே போகும். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் சிறு முட்டு ஒன்று நிற்கும். பல்லைத் தீட்டத் தீட்ட அந்த முட்டின் உயரத்தையும் தட்டை அரத்தால் தேய்த்துக் குறைக்க வேண்டும். பல்லைவிட ஏறக்குறைய 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருப்பது வழக்கமான அளவு. இதை மறந்தவர்கள், ‘நன்றாகத்தானே தீட்டினேன், ஏன் வெட்டவில்லை’ என்று இயந்திரக் கடைக்காரரோடு சண்டைக்குப் போவார்கள்.

நகரத்து மரங்களில் அரத்துக்கு வேலை இன்னும் அதிகம். சாலையோர மரம் எதை எடுத்தாலும் ஆணி இருக்கும். ஆலோங் எனும் வட்டி முதலைகளின் கடன் விளம்பரம், வீடு வாடகைக்கு, தண்ணீர்த்தொட்டி கழுவித் தரப்படும் என்று ஆளாளுக்கு அடித்துவிட்டுப் போகிறார்கள். அட்டை மழையில் கரைந்துபோகும், ஆணியை மரம் விழுங்கிக்கொள்ளும். வெட்டுவாயில் கருநீலக் கறை தெரிந்தால் நிறுத்திவிடுங்கள், உள்ளே இரும்பு இருக்கிறது. தென்னையில் ஆணியே தேவையில்லை. அதன் வெளிப்பக்க நாரே சங்கிலியைத் தின்றுவிடும்.

எரிபொருளைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லிலிட்டர் நல்ல டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் என்பதுதான் பல இயந்திரங்களுக்கும் அளவு. எண்ணெய் கலக்காத பெட்ரோலை ஊற்றினால் பிஸ்டன் கீறிப்போகும். கலந்த தோம்பில் பெரிதாக எழுதி வையுங்கள், இல்லையென்றால் யாராவது அதை மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றிவிடுவார்கள்.

ஆப்பு பிளாஸ்டிக்காக இருக்கட்டும். இரும்பு ஆப்பில் சங்கிலி பட்டால் அன்றைய வேலை முடிந்தது. கயிற்றில்தான் நம்மவர்கள் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். வன்பொருள் கடையில் சுருளாகத் தொங்கும் நீலநிறப் பிளாஸ்டிக் கயிறு மலிவுதான், ஆனால் லாரியின் பின்னால் வெயிலில் கிடந்தே நைந்துபோகும். வெளியே பளபளப்பு மங்கி, கையால் தேய்த்தால் தூள் உதிரும். அதில் கிளையைக் கட்டி இறக்கியபோது முடிச்சருகே அறுந்து, கீழே நின்ற ஒரு பையனின் தோள்பட்டை உடைந்ததைப் பார்த்திருக்கிறேன். முடிச்சுப் போட்ட இடத்தில் எந்தக் கயிற்றுக்கும் பலம் குறைவுதான். நைந்த கயிற்றில் மிச்சம் என்ன இருக்கும்?

நின்ற மரத்தைவிட விழுந்த மரத்துக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். நிற்கும் மரத்தில் வெட்டும் வாயை எங்கே திறப்பது, எந்தப் பக்கம் ஓடுவது என்று யோசிக்க நேரம் இருக்கும். விழுந்ததோ பார்ப்பதற்குச் செத்துக் கிடப்பதுபோல் இருக்கும், உள்ளே முறுக்கேறிக் கிடக்கும். 2017 நவம்பர் 4ஆம் தேதி தொடங்கிய மழையும் காற்றும் மறுநாளும் பினாங்கைப் புரட்டியபோது சாலைக்குச் சாலை மரங்கள் வேரோடு சாய்ந்தன. அப்போது ஒரு வீட்டு மதிலின் மேல் தூங்குமூஞ்சி மரம் ஒன்று விழுந்து கிடந்தது. வேர்களும் மண்ணும் சேர்ந்து ஆள் உயரத்துக்கு மேல் தட்டாக எழும்பி நின்றன. அதன் அடியில் பெரிய பள்ளம். வீட்டுக்காரர் அந்தப் பள்ளத்தில் இறங்கி நின்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, மேலே வந்துவிடுங்கள்” என்றேன்.

“நீ அந்தப் பக்கம்தானே வெட்டப் போகிறாய் தம்பி?” என்றார்.

அந்தப் பக்கம் வெட்டுவதால்தான் ஆபத்து. அடிமரத்தின் பாரம் நீங்கியதும் வேர்த்தட்டு பழைய இடத்துக்கே திரும்பப் படுத்துக்கொள்ளும். அவர் ஏறி வந்து வாயிற்படியில் நின்ற பிறகுதான் வெட்டினேன். கடைசி விரற்கடை அறுபட்டவுடன் தட்டு ‘தொம்’ என்று பள்ளத்தை மூடியது, அடிக்கட்டை நட்டுவைத்ததுபோல் நிமிர்ந்தது. அவர் அதைப் படம் எடுக்கவில்லை.

கிடக்கும் மரத்தில் விதி இதுதான்: எந்தப் பக்கம் நெருக்குண்டிருக்கிறது, எந்தப் பக்கம் இழுபட்டிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். இரண்டு முனையும் எதன் மேலாவது தங்கி நடு தொங்கினால், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டுக் கீழிருந்து முடிக்க வேண்டும். ஒரு முனை அந்தரத்தில் தொங்கினால் முறை தலைகீழ்: முதலில் அடியிலிருந்து, பிறகு மேலிருந்து. மாற்றிச் செய்தால் தகட்டை மரம் கவ்விக்கொள்ளும், அல்லது கட்டை பிளந்து எகிறும். கம்பி எங்காவது சிக்கியிருந்தால் மின்வாரிய ஆட்கள் வந்து இணைப்பைத் துண்டிக்கும்வரை கிளையைக்கூடத் தொடாதீர்கள். வீட்டுக்காரர் அவசரப்படுத்துவார், படுத்தட்டும்.

சங்கிலி காலில் படாமல் காக்கும் பாதுகாப்புக் காற்சட்டையைப் பற்றிச் சொன்னால் இந்த வெயிலில் யார் போடுவது என்று சிரிப்பார்கள். அதன் உள்ளே நீளமான இழைகள் அடுக்கியிருக்கும். சங்கிலி துணியைக் கிழித்ததும் அவை வெளியே இழுபட்டுப் பற்சக்கரத்தில் சுற்றி இயந்திரத்தை நிறுத்திவிடும். வேர்க்கத்தான் செய்யும். தொடையில் தையல் போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் வேர்க்கும்.

சொந்த நிலத்து மரம்தானே என்று கிளம்புகிறவர்களுக்கு ஒன்று: 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, அடிமரச் சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டிய மரத்தை வெட்ட ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். பட்டுப்போனது, உடனே ஆபத்து தரக்கூடியது போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனால் வெட்டுவதற்கு முன்பே படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

மாமரம், ரம்புத்தானில் முசுறு எனும் கடிக்கும் செவ்வெறும்பு இருக்கும். அதற்கு மருந்து பொறுமைதான். ரெங்காஸ் மரத்தின் பால் மேலே பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும், அதன் புகையும் ஆகாது. வெட்டுவாயில் கசிந்தது கறுத்துப்போனால் அந்தக் கட்டையை விறகுக் குவியலில் போடாதீர்கள். பச்சை நிறம் ஏறிய கட்டுமானப் பலகையையும் போடாதீர்கள், அதில் ஆர்செனிக் கலந்த மருந்து இருக்கக்கூடும்.

விறகுக்கு நான் நம்புவது பால்மரத்தைத்தான். செபராங் பிறைப் பக்கம் பழைய ரப்பர்த் தோட்டத்தை அழித்து மறுநடவு செய்யும்போது பருத்த அடிமரம் நாற்காலி மேசைக்காக மில்லுக்குப் போய்விடும், கிளைகள் நமக்கு. பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும். நாள் கடத்தினால் பூசணமும் வண்டும் முந்திக்கொள்ளும். தரையில் படாமல், மேலே தகரம், நான்கு பக்கமும் காற்று என்று அடுக்கினால் சில மாதங்களில் காயும். இரண்டு துண்டுகளைத் தட்டினால் ‘டங்’ என்று கேட்க வேண்டும். கோயிலில் அன்னதானத்துக்குச் சமைக்கும் பெரியவர் ஒருவர் கட்டையைத் தட்டிப் பார்க்காமல் லாரியிலிருந்து இறக்க விடமாட்டார். “தம்பி, புகை வந்தால் சாம்பாரில் தெரியும்” என்பார். தெரியுமா என்று எனக்குச் சந்தேகம்தான், ஆனால் அவருக்கு ஈர விறகு அனுப்புவதில்லை.

வீட்டுக்காரர்கள் பேரம் பேசும்போது தவறாமல் வரும் வரி ஒன்று உண்டு: “மரத்தை நீதானே எடுத்துக்கொண்டு போகிறாய், கூலியைக் குறைத்துக்கொள்.” ஆணி ஏறிய, கவை கவையாகப் பிளக்க முடியாத, தண்ணீர் குடித்த சாலையோர மரத்தை விறகாக்குவதற்குள் அதன் விலையைவிடச் செலவு மிஞ்சும், பெரும்பாலும் லாரி வாடகை கொடுத்துக் கொட்டத்தான் வேண்டும். அதனால், “நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், லாரிக் காசைக் கழித்துவிடுகிறேன்” என்பேன். ஆயர் ஈத்தாமில் ஒருவர் உண்மையாகவே வைத்துக்கொண்டார். கறையான் கட்டைக்கு வந்து, பிறகு வாசல் நிலைக்கு ஏறியதும் தொலைபேசியில் கூப்பிட்டார். போய் எடுத்துவந்தேன், லாரிக் காசு தனி.