வரலாற்றுத் தாளில் தேதிகள்: எனக்குக் கைகொடுத்த வழி

முடிவு வந்துவிட்டது. தேறிவிட்டேன், இன்னும் முழுசாக நம்பிக்கை வரவில்லை. தேதி வினாக்கள்தான் என்னைக் கவிழ்க்கும் என்று பயந்துகொண்டிருந்தேன், கரை சேர்த்ததே அவைதான். பாடத்திட்டம், மாதிரித் தேர்வு, நேரம் பிரிப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

'வரலாற்றில் இன்று' பட்டியல்களை வரிசையாக உருப்போடுவது எனக்கு ஒத்துவரவில்லை. ஏன் என்று தெரியாத எதுவும் என் தலையில் தங்காது. (நினைவாற்றல் மிக்கவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், உங்களுக்கு இது வீண் வேலை.) அதனால் ஒரு தேதியை எடுத்து, அதில் நடந்தவற்றுக்குள் உறவு உண்டா என்று மட்டும் பார்த்தேன்.

நவம்பர் 9-ஐ எடுங்கள். 1918-இல் ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மின் முடிதுறப்பு அறிவிக்கப்பட்டு, பெர்லினில் குடியரசு பிரகடனமானது. அந்தக் குடியரசைக் கவிழ்க்க 1923-இல் மியூனிக்கில் முந்தைய மாலை ஹிட்லர் தொடங்கிய கலகம், அதே 9 அன்று துப்பாக்கிச் சூட்டில் சிதறியது. நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் அந்த நாளை ஆண்டுதோறும் நினைவு விழாவாக்கினார்கள். 1938-இல் கட்சித் தலைவர்கள் அந்த விழாவுக்குக் கூடியிருந்த இரவில்தான் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் யூதர்களுக்கு எதிராகப் பேசினார். அதைத் தொடர்ந்து ஜெர்மனி முழுக்க யூதர்களின் கடைகளும் தொழுகைக்கூடங்களும் தாக்கப்பட்டன. ஒன்றைப் பிடித்தால் அடுத்தது தானாக வருகிறது, பாருங்கள்.

ஆனால் 1989-இல் பெர்லின் சுவர் திறந்தது இந்தச் சங்கிலியில் சேராது. புதிய பயண விதி எப்போது முதல் என்று கேட்டபோது, கிழக்கு ஜெர்மனியின் ஆளும் கட்சித் தலைவர்களில் ஒருவரான ஷபோவ்ஸ்கி 'உடனே' என்று சொல்லிவிட்டார், கூட்டம் சுவரை நோக்கிக் கிளம்பிவிட்டது. தற்செயல்தான். அப்படியிருந்தும் ஜெர்மனியின் ஒற்றுமை நாள் அக்டோபர் 3. 1938-இன் நிழல் விழுந்த தேதியை எப்படிக் கொண்டாடுவது?

டிசம்பர் 2 இன்னும் சுலபம். 1804-இல் நெப்போலியன் முடிசூட்டு, 1805-இல் ஆஸ்டர்லிட்ஸ் போரில் அவருக்கு வெற்றி. அண்ணன்... இல்லை, தம்பி மகன் லூயி நெப்போலியன் 1851-இல் ஆட்சியைக் கைப்பற்ற இந்த நாளையே வேண்டுமென்று தேர்ந்தெடுத்தார். அடுத்த ஆண்டு அதே தேதியில் பேரரசரும் ஆனார். மவுண்ட்பேட்டன் ஆகஸ்ட் 15-ஐப் பிடித்ததும் இப்படித்தான்: 1945-இல் ஜப்பான் சரணடைதலை அறிவித்த நாள் அது.

சரி, சிக்க வைக்கும் இடங்கள்:

- ரஷ்யாவின் அக்டோபர் புரட்சி: பழைய (ஜூலியன்) நாட்காட்டியில் அக்டோபர் 25, புதியதில் (கிரிகோரியன், இன்று நாம் பயன்படுத்துவது) 1917 நவம்பர் 7.
- நியூட்டன் பிறந்த நாள்: பழையதில் 1642 டிசம்பர் 25, புதியதில் 1643 ஜனவரி 4. கலிலியோ இறந்த ஆண்டில் பிறந்தார் என்பது இரண்டு நாட்காட்டிகளைக் கலந்தால்தான் சரியாகும்.
- ஐரோப்பிய வெற்றி நாள்: மேற்கில் மே 8, மாஸ்கோவில் மே 9.
- பேர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கிய நாள்: ஹவாயில் 1941 டிசம்பர் 7, ஜப்பானில் அப்போதே 8.

கடைசியது காலவரிசை வினாவில் ஆளைக் கொல்லும். மலாயாவின் கோத்தா பாருவில் ஜப்பானியர் இறங்கியது உள்ளூர்த் தேதிப்படி டிசம்பர் 8, ஆனால் அது பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்குக் கொஞ்சம் முன்பே தொடங்கிவிட்டது. தேதியை மட்டும் பார்த்து அடுக்கினால் போச்சு.

1826 ஜூலை 4 அன்று அமெரிக்க முன்னாள் அதிபர்கள் ஜெஃபர்சனும் ஜான் ஆடம்ஸும் இறந்தார்கள், அந்நாட்டு விடுதலைப் பிரகடனத்தின் ஐம்பதாவது ஆண்டு நிறைவன்று. இதில் காரணம் தேடி மண்டையை உடைக்க வேண்டாம். இந்த மாதிரித் தற்செயல்களைத் தனித்தாளில் எழுதித் தேர்வுக்கு முந்தைய இரவில் மட்டும் பார்த்தேன். கூற்று–காரணம் வினாவில் 'இரண்டும் சரி, ஆனால் சரியான விளக்கமல்ல' என்பதைத் துணிந்து குறிக்க அந்தத் தாள்தான் உதவியது.