காலை 6 மணிக்கு ஓர் எண்

கடலூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். மனம் சில காலம் அளவுமீறிய உற்சாகத்திலும் சில காலம் ஆழ்ந்த சோர்விலும் இருக்கும் இருமுனைக் கோளாறு எனக்கு இருப்பதாக மருத்துவர் சொன்னபோது, அதற்குத் தரும் லித்தியம் மாத்திரையை நினைத்துத்தான் முதலில் பயந்தேன். ஆனால் ஒரே நாளுக்குள் மனம் ஏறி இறங்குவதைப் புரிந்துகொள்வதே அதைவிடக் கடினமாக இருந்தது.

காலையில் பல் துலக்கக்கூடக் கை எழாது. பொழுது சாயச் சாய உற்சாகம் ஊறும். இரவு பத்து மணிக்குக் கடன் வாங்கிக் கடை வைக்கும் கணக்கில் இருப்பேன். காலையில் இருப்பவன் சோம்பேறி, இரவில் இருப்பவனே உண்மையான நான் என்று பல ஆண்டுகள் நம்பினேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்தார்.

புதுச்சேரியில் என்னைப் பார்க்கும் மனநல மருத்துவர் ஒரு நோட்டுப் போடச் சொன்னார். காலை 6, நண்பகல் 12, மாலை 6, இரவு 9 ஆகிய வேளைகளில் மனநிலைக்கு ஓர் எண், செயலில் இறங்கும் நாட்டத்துக்கு இன்னோர் எண், இரண்டும் பத்துக்கு எத்தனை என்று எழுத வேண்டும். இப்படிப் பிரித்து எழுதியதால்தான், துக்கமே இல்லாமல் நாட்டம் மட்டும் வற்றிய காலைகளும், நாட்டம் பொங்கியும் மனம் எரிச்சலில் கொதித்த இரவுகளும் எனக்கு இருந்தன என்பது தெரிந்தது. இவற்றோடு, அமெரிக்க உளவியலாளர் எலன் ஃபிராங்க் உருவாக்கிய சிகிச்சை முறையில் உள்ளபடி, எழுந்த நேரம், முதன்முதலில் ஒருவரிடம் பேசிய நேரம், வேலை தொடங்கிய நேரம், இரவு உணவு உண்ட நேரம், படுத்த நேரம் ஆகிய ஐந்தையும் குறித்தேன்.

மூன்றாம் மாதம் நோட்டைப் புரட்டியபோது, இரவு ஷிஃப்ட் வந்த வாரங்களில் எல்லாம் நான்கு மணி நேரமே தூங்கியும் களைப்பில்லாமல் இருந்ததும், காலைப் பாரம் அடியோடு மறைந்ததும், இரவு எண் 9-ஐத் தொட்டதும் தெரிந்தன. குணமாகி வருகிறேன் என்று மகிழ்ந்திருந்தேன். மருத்துவரோ அதைத்தான் அபாயம் என்றார். மூளையின் ஹைப்போதலாமஸில் உள்ள கடிகாரத்தைக் காலை வெளிச்சம் நாள்தோறும் சரிசெய்கிறது. இந்த நோய் உள்ளவர்களுக்கு அது எளிதில் தடம் மாறும். தூக்கம் குறைந்தும் சோர்வு தெரியாவிட்டால், பித்துநிலை, அதாவது உற்சாகம் கட்டுமீறும் கட்டம், தொடங்குவதாக இருக்கலாம் என்று விளக்கினார்.

ஷிஃப்ட் மாற்றம் கேட்டு இரண்டு முறை எழுதியும் கிடைக்கவில்லை. நோயின் பெயரைக் குறிப்பிடாமல், "இரவுப் பணி உடல்நிலைக்கு ஏற்றதன்று" என்று மட்டும் மருத்துவர் எழுதித் தந்த சான்றை இணைத்த பிறகே பகல் பணி கிடைத்தது. நோயைச் சொல்ல அஞ்சுபவர்கள் மருத்துவரிடம் இவ்வாறு கேட்டுப் பார்க்கலாம். இரத்தத்தில் லித்தியம் அளவைக் கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும் என்பதால், இரவு 9 மணிக்குப் போடும் நான் காலை 9 மணிக்கு இரத்தம் கொடுக்கிறேன்.

இப்போது தினமும் 6 மணிக்கு எழுந்து தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு நடக்கிறேன். அங்குள்ள டீக்கடை அண்ணனிடம்தான் என் முதல் பேச்சு. இரவு 9 மணிக்கு மேல் தோன்றும் திட்டங்களை நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதிவிட்டு, மறுநாள் நண்பகலில்தான் படிக்கிறேன். இதுவரை எழுதிய பதினேழில் இரண்டு பகலிலும் சரியாகத் தெரிந்தன. மாடியில் அம்மாவுக்கு நிழலாகக் கீற்றுக் கொட்டகை போட்டது அவற்றில் ஒன்று. காலை எண் இன்னும் 3-ஐத் தாண்டவில்லை.