அல்மேரியா கடற்கரையில் ஆய்வு செய்யப் போகிறவர்களுக்கு

“இந்த மலை எப்போது மொட்டையானது?”

நான் ஸ்பெயினின் அல்மேரியாவில் இறங்கிய முதல் வாரம், என் ஆய்வு முன்வரைவைப் படித்துவிட்டு வழிகாட்டிப் பேராசிரியர் கேட்ட ஒரே கேள்வி இதுதான். ‘வறட்சியும் எல் ஆர்கார் பண்பாட்டின் வீழ்ச்சியும்’ என்று தலைப்பு வைத்திருந்தேன்; எல் ஆர்கார் என்பது இங்கே வெண்கலக் காலத்தில் இருந்த பண்பாடு. கண்ணுக்கு எதிரே மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு, வெளிறிய மண். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள் காட்டை அழித்து, மழையும் பொய்த்து, விட்டுப்போன நிலம்தான் இது என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். அவர் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. முதுகலை ஆய்வின் பெரும்பகுதி அந்தப் பதிலைத் தேடியே கழிந்தது. அதே பாதையில் வர நினைக்கும் மாணவர்களுக்குப் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஸ்பெயினின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் அல்மேரியா மாகாணம், ஐரோப்பாவிலேயே மிகக் குறைவாக மழை பெறும் நிலங்களில் ஒன்று. கபோ தே காத்தா முனையில் ஓராண்டு மழை சராசரியாக 200 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கிறது. அந்தாரக்ஸ் ஆற்றின் மேட்டில் இருக்கும் லோஸ் மியாரெஸ் என்னும் செம்புக் காலக் கோட்டை ஊர், 1891இல் ரயில் பாதை போடும்போது வெளிப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, சுரங்கப் பொறியாளர்களாக இங்கு வந்த பெல்ஜியச் சகோதரர்கள் என்றி சிரேயும் லூயிஸ் சிரேயும் அந்தாஸ் என்ற ஊருக்கு அருகே எல் ஆர்கார் மேட்டை அகழ்ந்திருந்தார்கள். வீட்டுத் தரைக்கு அடியிலேயே இறந்தவர்களைப் புதைத்திருந்தார்கள் அங்கே. கிடைத்த கல்லறைகள் ஆயிரத்தை ஒட்டியவை. அந்த மேட்டின் பெயரே ஏறத்தாழ பொ.ஆ.மு. (கி.மு.) 2200 முதல் 1550 வரை நீடித்த வெண்கலக் காலப் பண்பாட்டுக்கு நிலைத்துவிட்டது.

இந்த இரண்டு ஆண்டுகளை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். நான் பதித்துக்கொள்ளாமல்தான் சிக்கினேன். உலகின் பல பகுதிகளில் பேசப்படும் அந்தப் புகழ்பெற்ற வறட்சிக் காலம் பொ.ஆ.மு. 2200ஐ ஒட்டியது. அதாவது லோஸ் மியாரெஸ் முடிந்து எல் ஆர்கார் தொடங்கும் நேரம். அதற்குப் பிறகு அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் எல் ஆர்கார் மக்கள் செழிப்பாகவே வாழ்ந்திருக்கிறார்கள். தொடக்கத்தில் வந்த வறட்சியை முடிவுக்குக் காரணமாக்கி முன்வரைவு எழுதியிருந்தேன். உதவித்தொகைக்கான விண்ணப்பத்தில் அது கவனத்துக்கு வராமல் தப்பிவிட்டது; களத்தில் தப்பவில்லை.

முன் தயாரிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் புவியியல் பட்டதாரி; மண்ணைப் படிக்கத் தெரியும், பானை ஓட்டைப் படிக்கத் தெரியாது. தொல்லியல் படித்துவிட்டு வந்த தோழிக்கு நேர்மாறு. இரண்டில் எது உங்களுடையதோ, மற்றதை ஊரிலிருந்தே ஆறு மாதம் படித்துவிட்டு வாருங்கள். சான்றிதழ்களுக்கு, அவற்றை வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அபோஸ்டில் முத்திரையும், தூதரகம் ஏற்கும் ஸ்பானிய மொழிபெயர்ப்பும் வாங்குவதற்குள் பொறுமை கரைந்துவிடும். அதை முதலில் முடியுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம் ஸ்பானிய மொழி. நல்ல ஆய்வறிக்கைகளில் பெரும்பகுதி அந்த மொழியில்தான் இருக்கிறது. கிணறு எந்த ஆண்டு வற்றியது, எந்தப் படிக்கட்டு வயலை யாருடைய தாத்தா கைவிட்டார் என்பதெல்லாம் ஊர் முதியவர்களிடம்தான் இருக்கிறது. அவர்கள் ஆங்கிலத்தில் சொல்ல மாட்டார்கள்.

இனி களம்.

இந்தக் கரையில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அரிது. மழை பெய்தால் மட்டும் ஓடும் மணற்படுகைகளை ‘ரம்ப்லா’ என்கிறார்கள்; மணலைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர். நம் காட்டாறு போன்றதுதான், ஆனால் இங்கே மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் காய்ந்தே கிடக்கும். வெள்ளம் அரித்துச் செங்குத்தாக நிற்கும் கரைகளில் மண்ணடுக்குகள் பக்கம் பக்கமாகத் தெரியும். தோண்டாமலே படிக்கலாம். வேரா பள்ளத்தாக்கில் அப்படி ஒரு கரை என் பொறுப்பில் வந்தது. மேலே இரண்டு மீட்டருக்குத் தடித்த வண்டல். மலையிலிருந்து மண் சரிந்து வந்து சேர்ந்திருக்கிறது என்பது பார்த்ததும் புரிந்தது. “வெண்கலக் கால மண்ணரிப்பு” என்று குறிப்பேட்டில் எழுதி, அடிக்கோடும் இட்டேன்.

மூன்றாம் நாள், அந்த வண்டலின் அடியைக் கரண்டியால் சீவிக்கொண்டிருந்தபோது நகம் அளவு ஓடு ஒன்று விழுந்தது. வெள்ளைப் பளபளப்புப் பூச்சு, அதில் நீலக் கோடு. களத் தலைவி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “சாப்பாட்டுத் தட்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு” என்றார். அடியில் அந்த ஓடு இருக்கிறது என்றால், அதற்கு மேல் கிடக்கும் இரண்டு மீட்டர் மண்ணும் அதற்குப் பிறகு வந்ததுதான். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முந்தையது என்று நான் அடிக்கோடிட்ட மண், என் கொள்ளுத் தாத்தாவின் காலத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுநாளே பேராசிரியர் என்னைக் களத்திலிருந்து ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பினார். அங்கே படித்ததுதான் என் ஆய்வைத் திருப்பிப் போட்டது. காதோர் மலையில் 1820களில் ஈயச் சுரங்கங்கள் பெருகின. அல்மக்ரேரா மலையில் 1838இல் வெள்ளி கலந்த ஈயத் தாது கண்டுபிடிக்கப்பட்டதும் மக்கள் அலையலையாக வந்தார்கள். உலைகளுக்கு எரிபொருள் வேண்டும். ஓக் மரங்கள் கரியாயின. மரம் தீர்ந்த இடத்தில் எஸ்பார்தோ என்னும் முரட்டுப் புல்லையும் கட்டுக் கட்டாக எரித்தார்கள். கயிறும் கூடையும் செருப்பும் பின்னுவதற்காகக் காலங்காலமாக மக்கள் பயன்படுத்திய புல் அது. நான் பார்த்து ஏமாந்த மொட்டை மலைகளில் பல, இந்தச் சில பத்தாண்டுகளின் வேலை.

அப்படியானால் பழங்காலத்தில் ஒன்றுமே நடக்கவில்லையா? நடந்தது. காதோர் மலை உச்சியின் சதுப்பு மண்ணில் கிடைத்த மகரந்தத் துகள்களும் நுண்கரியும், ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்து தீ அதிகரித்ததையும் இலையுதிர் ஓக் குறைந்ததையும் காட்டுகின்றன. எல் ஆர்கார் காலக் குடியிருப்புகளில் பார்லி மற்றப் பயிர்களை ஒதுக்கிவிட்டு மேலோங்கியதைக் கருகிய தானியங்கள் சொல்கின்றன. அந்தத் தானியத்தின் கார்பன் ஓரிடத்தான்களை (எடை வேறுபட்ட கார்பன் அணுக்களை) அளந்தால், கதிர் முற்றும்போது பயிருக்குத் தண்ணீர் போதுமானதாக இருந்ததா என்பதுகூடத் தெரியும். ஆக, நிலம் ஒரு முறை மட்டும் கெடவில்லை. கெட்டிருக்கிறது, தேறியிருக்கிறது, மறுபடி கெட்டிருக்கிறது. மலைக்கு மலை, சரிவுக்குச் சரிவு காலம் வேறு. இதை ஒரே வாக்கியத்தில் அடக்க முயலும் ஆய்வேடுகளை நான் நம்புவதை விட்டுவிட்டேன்.

காலக்கணிப்பில் மாணவர்கள் வழுக்கும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன். ரேடியோகார்பனுக்குக் கரித்துண்டைவிடத் தானியத்தைத் தேர்ந்தெடுங்கள். கூரையின் உத்தரமாக இருந்த மரம் வீட்டைவிட நூறு, இருநூறு ஆண்டு மூத்ததாக இருக்கலாம். பார்லி மணி ஒரே ஆண்டின் விளைச்சல். கடற்சிப்பி உண்மையைவிடச் சில நூறு ஆண்டுகள் பழையதாகத் தோன்றும், கடல் நீரில் பழைய கார்பன் கலந்திருப்பதால். அதற்குத் திருத்தம் செய்யாமல் எழுதினால் தேர்வாளர் முதல் பக்கத்திலேயே நிறுத்திவிடுவார். பொ.ஆ.மு. 800 முதல் 400 வரை ரேடியோகார்பன் அளவை உண்மையான ஆண்டாக மாற்ற உதவும் அளவுத்திருத்தக் கோடு ஏறக்குறைய தட்டையாகக் கிடப்பதால், கிழக்கு மத்தியதரைக் கடற்கரையிலிருந்து வந்த வணிகர்களான ஃபினீசியர்களின் காலத்துக்கு ரேடியோகார்பன் பெரிதாகக் கைகொடுக்காது. அங்கே பானை வகைதான் துணை. வண்டலில், மணல்மேல் கடைசியாக எப்போது வெயில் பட்டது என்று கணிக்கும் ஒளித்தூண்டல் முறையைப் பயன்படுத்தினால், மணலை எஃகுக் குழாயில் வெளிச்சம் படாமல் எடுக்க வேண்டும். ஒரு நொடி வெயில் பட்டாலும் அந்த மாதிரி வீண். மண்ணைத் தண்ணீரில் கரைத்து, மிதந்து வரும் விதைகளைப் பிரித்தெடுக்கும் மிதப்பு முறைக்குத் தண்ணீர் நிறைய வேண்டும். இந்த ஊரில் தண்ணீரை விலை கொடுத்து லாரியில் வாங்க வேண்டியிருக்கும் என்பதையும் செலவுத் திட்டத்தில் சேருங்கள்.

கடலோரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. அல்மன்சோரா, அந்தாஸ், அகுவாஸ் ஆறுகளின் முகத்துவாரங்களில் இன்று சமவெளியும் காய்கறித் தோட்டமும்தான் தெரியும். அங்கே துளையிட்டு எடுத்த மண் தூணில், சில மீட்டர் ஆழத்தில் கடல் நுண்ணுயிர்களின் ஓடுகள் வருகின்றன. ஒரு காலத்தில் கடல் உள்ளே நுழைந்து குடாவாக இருந்து, ஆறு கொண்டுவந்த மண்ணால் தூர்ந்துபோன இடங்கள் அவை. வியாரிகோஸில் ஃபினீசியர்கள் அமைத்த பாரியா நகரம் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பது இன்றைய வரைபடத்தைப் பார்த்தால் விளங்காது. தூர்ந்த குடாவை மறுபடி வரைந்து பார்த்தால், காற்றுக்கு ஒதுங்க இடம் கொண்ட துறைமுகமாகக் கண்முன் எழும். உப்பளங்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த வரைபடத்தை முடித்த நாளை மறக்க மாட்டேன்.

அனுமதி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். தோண்டாமல் தரையில் கிடக்கும் ஓடுகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போகும் மேற்பரப்பாய்வுக்கும் அந்தாலூசியா அரசின் பண்பாட்டுத் துறை அனுமதி வேண்டும். கபோ தே காத்தா 1987 முதல் இயற்கைப் பூங்கா, 1997 முதல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம். அங்கே பூங்கா நிர்வாகத்திடமும் கேட்க வேண்டும். ஒன்று இருந்தால் போதும் என்று நினைத்து நாங்கள் மூன்று வாரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். பலோமாரெஸ் பக்கம் போனால் வேலியிட்ட நிலங்களுக்குள் கால் வைக்காதீர்கள். 1966 ஜனவரி 17 அன்று அமெரிக்க விமானங்கள் வானில் மோதி, ஹைட்ரஜன் குண்டுகள் விழுந்து, புளுட்டோனியம் சிதறிய ஊர் அது.

பருவத்தையும் கவனியுங்கள். ஜூலை, ஆகஸ்டில் பகல் பதினொன்றுக்கு மேல் வேலை ஓடாது. வசந்தம் நல்லது. செப்டம்பர், அக்டோபர் இதமாக இருக்கும், ஆனால் பெருமழையும் அப்போதுதான் வரும். 1973 அக்டோபர் வெள்ளத்தில் இந்தத் தென்கிழக்குப் பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மேகம் மலைமேல்தான் இருக்கிறது என்று நம்பி ரம்ப்லாவில் வண்டியை நிறுத்தாதீர்கள், கூடாரம் போடாதீர்கள்.

நம் ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. எல் ஆர்காரில் சடலத்தைப் பெரிய பானைக்குள் மடக்கி வைத்துப் புதைத்திருக்கிறார்கள். பார்த்த கணமே ஆதிச்சநல்லூர் முதுமக்கள் தாழி நினைவுக்கு வரும். எனக்கும் உடல் சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பை நாட்குறிப்பில் எழுதுங்கள். இடத்தாலும் காலத்தாலும் அவ்வளவு தள்ளி இருப்பவற்றை உறவாக்கி ஆய்வேட்டில் எழுதாதீர்கள்.

நிலம் வேகமாக மறைகிறது என்பதுதான் என்னை உறுத்துகிறது. மாகாணத்தில் 30,000 ஹெக்டேருக்கு மேல் நெகிழித்தாள் பசுமைக்குடில்கள். அவற்றுக்காக மேடுகளைச் சமப்படுத்தும்போது, யாரும் ஒருமுறைகூட நடந்து பார்க்காத இடங்களும் சேர்ந்து போகின்றன. கரை ஒன்று உங்கள் பொறுப்பில் வந்தால், அடுத்த ஆண்டும் இருக்கும் என்று நினைத்து ஒத்திப்போடாமல் அன்றே வரைந்துவிடுங்கள். சிரே சகோதரர்களின் மேற்பார்வையாளர் பேத்ரோ ஃப்ளோரெஸ் ஒவ்வொரு கல்லறையையும் குறிப்பேட்டில் எழுதி வைத்ததால்தான், நூற்றுமுப்பது ஆண்டு கழித்தும் அவற்றோடு வேலை செய்ய முடிகிறது.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளரும் மலை எப்போது மொட்டையானது என்றுதான் கேட்டார். மூன்று சரிவுகளுக்கு மூன்று காலம் சொன்னேன். நான்காவதற்குச் சான்று போதவில்லை என்றேன். அவர் என் முடிவுரையைத் திறக்கவே இல்லை. ரம்ப்லாக் கரையின் வெட்டுமுக வரைபடத்தை விரித்து, ஓடு விழுந்த இடத்தில் விரலை வைத்து, அதைப் பற்றியே இருபது நிமிடம் பேசினார். வரைபடத்தைப் பெரிய தாளில் அச்சடித்துக் கொண்டுபோங்கள். கணினித் திரையில் அந்த அடுக்குகள் தெரியாது.