லண்டனிலிருந்து பாரிஸுக்கு இரவு பஸ்ஸில்

பிரிட்டனில் படிக்க விசா இருக்கிறது, பாரிஸ் பக்கத்தில்தானே, அப்படியே போய்விடலாம் என்று நினைத்திருந்தேன். நடக்காது. இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா, அதாவது பிரான்ஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா, தனியாக வாங்க வேண்டும். 2024 அக்டோபரில் நான் போனபோது அதற்கு 90 யூரோ. விண்ணப்ப மையக் கட்டணம் வேறு. போக, வர பஸ் டிக்கெட் அதைவிட மலிவு!

விக்டோரியா கோச் ஸ்டேஷனில் இரவு பத்தரைக்கு பஸ். ஏறும்போதே பாஸ்போர்ட், விசா இரண்டையும் பார்த்தார்கள். சரி, வேலை முடிந்தது என்று பாஸ்போர்ட்டைப் பெட்டியின் பக்கவாட்டு ஜிப்பில் செருகி, பெட்டியை டிக்கியில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

இங்கிலாந்துக் கரையில் உள்ள டோவர் துறைமுகத்தில் விளக்கைப் போட்டு எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். பிரான்ஸ் போலீஸ் சோதனை, கப்பல் ஏறும் முன்பே, இங்கிலாந்து மண்ணில்தான் நடக்கிறது. மற்றவர்கள் வரிசைக்குப் போக, நான் டிரைவர் பின்னால் ஓடினேன். அவர் திட்டவில்லை, ஒரு பெருமூச்சு விட்டு டிக்கியைத் திறந்தார். என் பெட்டி எல்லாவற்றுக்கும் அடியில். பதினொரு பெட்டிகளை இறக்கினோம், எண்ணினேன்.

கவுண்டரில் எங்கே தங்குகிறாய், எப்போது திரும்புகிறாய் என்று கேட்டார்கள். ஹோட்டல் பதிவு, திரும்பும் டிக்கெட், காப்பீடு மூன்றையும் அச்சடித்து வைத்திருந்தேன். ஹோட்டல் தாளை மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, நட்சத்திர வளையமும் 'எஃப்' எழுத்தும் உள்ள முத்திரையைக் குத்தினார் அதிகாரி.

பஸ் அப்படியே கப்பலுக்குள் போய்விடும். ஆனால் அதிலேயே உட்கார்ந்திருக்க விடமாட்டார்கள். எல்லோரும் மேல்தளத்துக்கு ஏற வேண்டும், வண்டித் தளத்தைப் பூட்டிவிடுவார்கள். இறங்கும்போதே தளத்தின் எண்ணையும் படிக்கட்டையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து வேறு படிக்கட்டில் இறங்கி, ஒரே நிறத்தில் நின்ற மூன்று பஸ்களுக்கு நடுவே திருதிருவென்று விழித்தேன். ஸ்வெட்டரையும் கையோடு எடுத்துப் போங்கள். நடுக்கடல் காற்று சும்மா விடாது.

அக்கரையில் பிரான்ஸின் கலே துறைமுகம். அங்கே கடிகாரத்தில் ஒரு மணி நேரம் கூடிவிடும். அங்கிருந்து பாரிஸுக்கு கிட்டத்தட்ட 290 கிலோமீட்டர், எனக்கு ஒன்றுமே நினைவில்லை, தூக்கம்தான். கண் விழித்தபோது பாரிஸின் பெர்சி பேருந்து நிலையம் வந்திருந்தது. அங்கிருந்து பூங்கா வழியாக நடந்தால் மெட்ரோ. 6, 14 இரண்டு தடங்களும் உண்டு.

திரும்பும்போது கலேயில் பிரிட்டன் அதிகாரிகளின் சோதனை. பாஸ்போர்ட் சட்டைப் பையிலேயே இருந்தது. டிக்கி பக்கம் இந்த முறை வேறொருவர் நின்றுகொண்டிருந்தார்.