எங்கள் பால்வாடியில் பெற்றோருக்கும் முறை உண்டு

மகளை எங்கே சேர்த்திருக்கிறோம் என்று சொன்னால் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அங்க என்னதான் சொல்லித் தராங்க?" அடுத்தது, "அதுக்கு நீ ஏன் அங்க போய் உட்காந்திருக்க?" முதல் கேள்விக்கு என்ன சொன்னாலும் அவர்களுக்குத் திருப்தி வராது. இரண்டாவதுக்குத்தான் இந்தப் பதிவு.

புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு பழைய வீட்டின் கீழ்ப்பகுதியை வாடகைக்குப் பிடித்து, பெற்றோர்களே சேர்ந்து நடத்தும் சின்னப் பள்ளி இது. மூன்று வயதிலிருந்து ஐந்தரை வயது வரை பிள்ளைகள். பயிற்சி பெற்ற டீச்சர் ஒருவர். அவர் சம்பளமும் வீட்டு வாடகையும் நாங்கள் கட்டும் ஃபீஸிலிருந்து போகிறது, மற்றதெல்லாம் எங்கள் தலையில். ஒவ்வொரு வீட்டுக்கும் முறை வரும். அன்றைக்கு அந்த வீட்டிலிருந்து அம்மாவோ அப்பாவோ ஆயாவோ (பாட்டியைத்தான் சொல்கிறேன்) ஒருவர் மதியம் வரை டீச்சரோடு இருக்க வேண்டும். பாய் விரிப்பது, சுண்டல் வேக வைப்பது, மூக்கு துடைப்பது, பாத்ரூம் கழுவுவது எல்லாம் அதில் சேர்த்தி. புதுச்சேரி என்றதும் வெளியூர்க்காரர்கள் "ஆசிரமப் பள்ளி மாதிரியா?" என்பார்கள். அது அரவிந்தர் ஆசிரமத்தில் 1943-லிருந்து நடக்கும் பெரிய நிறுவனம். எங்களிடம் இருப்பது நாலு பாய், ஒரு மணல் தொட்டி, ஒரு கணக்கு நோட்டு.

இப்படிப் பெற்றோர் கூடி நடத்துவது எங்கள் கண்டுபிடிப்பும் இல்லை. 1916-ல் சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் மனைவிமார் சேர்ந்து இப்படி ஒன்றைத் தொடங்கினார்கள். நியூசிலாந்தில் 1941-ல், ஆண்கள் போருக்குப் போயிருந்த சமயத்தில் வெலிங்டனில் ஆரம்பித்த 'பிளேசென்டர்' இன்றும் நடக்கிறது, அங்கே பெற்றோரே பயிற்சி எடுத்துக்கொண்டு பாடவேளையையும் பார்த்துக்கொள்கிறார்கள். எனக்குப் பிடித்தது இத்தாலிக் கதை. 1945-ல் போர் ஓய்ந்த கையோடு, ரெஜியோ எமிலியாவுக்குப் பக்கத்தில் வில்லா செல்லா என்ற ஊரில், ஜெர்மன் படை விட்டுவிட்டுப் போன டாங்கியையும் லாரிகளையும் குதிரைகளையும் விற்று, குண்டு விழுந்த வீடுகளின் செங்கலைப் பொறுக்கி ஊர்க்காரர்களே பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டினார்கள். மலாகுஸி என்ற இளம் ஆசிரியர் கேள்விப்பட்டு சைக்கிளில் போய்ப் பார்த்தார், அப்புறம் வாழ்நாள் முழுக்க அந்த வேலைதான். அதிலிருந்து வளர்ந்ததுதான் 'ரெஜியோ முறை'. இன்றைக்கு அந்தப் பேரில் போர்டு மாட்டி ஃபீஸில் தீட்டிவிடும் பள்ளிகளைப் பார்க்கும்போது எனக்கு அந்த டாங்கி ஞாபகம் வந்துவிடும்.

சரி, நம்ம ஊர் எல்.கே.ஜி.யில் பெற்றோர் பங்கேற்பு என்றால் என்ன? ராத்திரி பத்து மணிக்கு தெர்மாகோல் வெட்டுவது, மாறுவேடப் போட்டிக்கு பாரதியார் தலைப்பாகை கட்டிவிடுவது, வாட்ஸ்அப்பில் 'ஓகே மிஸ்' போடுவது. பிள்ளை பேரில் நாம் செய்யும் வேலை அது, பிள்ளைக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. 2009 கல்வி உரிமைச் சட்டம் அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் கூட்டத்துக்கு வந்து கையெழுத்து போடுகிறவர்களில் எத்தனை பேர் வகுப்புக்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்திருப்பார்கள்?

உட்கார்ந்தால்தான் தெரியும், அங்கே நமக்கு இருக்கும் கஷ்டமான வேலை கையைக் கட்டிக்கொண்டு இருப்பது. போன முறை ஒரு பையன் சொம்பிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். டம்ளர் நிறைந்துவிட்டது, அவன் நிறுத்தவில்லை, தண்ணீர் வழிந்து பாய் ஓரம் வரை போகிறது. என் பக்கத்திலிருந்த ஒரு அம்மா எழுந்தே விட்டார். டீச்சர் அங்கிருந்தே, "விடுங்கக்கா, அவனே பார்ப்பான்" என்றார். அவன் காலில் ஈரம் பட்டதும் குனிந்து பார்த்தான், டம்ளரைப் பார்த்தான், சொம்புக்குள் எட்டிப் பார்த்தான். அப்புறம் டம்ளரில் இருந்ததைத் திரும்ப சொம்பில் கொட்டிவிட்டு, இந்தத் தடவை மெதுவாக, விளிம்புக்கு விரலளவு கீழேயே நிறுத்தினான். நிறுத்திவிட்டு எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நாம் போய் கையைப் பிடித்திருந்தால் பாய் நனையாமல் இருந்திருக்கும், அவ்வளவுதான் லாபம்.

இன்னொரு விஷயம், முறை நாளில் நம் பிள்ளைதான் அதிகம் படுத்தும். மற்ற நாட்களில் தானே செருப்பைக் கழற்றி வைத்து, தட்டைக் கழுவி வைக்கும் என் மகள், நான் இருக்கும் நாளில் இடுப்பை விட்டு இறங்க மாட்டாள். வேறொரு பிள்ளையை மடியில் வைத்தால் அழுகை. "எல்லாருக்கும் இப்படித்தான் சார், அவளோட அப்பாவை இத்தனை பேருக்குப் பங்கு போட்டா வேற என்ன செய்வா" என்றார் டீச்சர். பிள்ளைகள் எல்லாரையும் அத்தை, மாமா என்றுதான் கூப்பிடுகிறார்கள், மூக்கு ஒழுகினால் எந்த மாமா வேட்டியும் சரிதான். அடுத்தவர் பிள்ளைகளை இவ்வளவு கிட்டத்தில் பார்க்க ஆரம்பித்த பிறகு நம் பிள்ளை பற்றிய பயம் தானாகக் குறைகிறது. ஒருத்தி வாயாடுகிறாள், சட்டைப் பட்டன் போடத் தெரியாது. ஒருவன் நாலு வார்த்தைக்கு மேல் பேச மாட்டான், ஆனால் புளியங்கொட்டையை நிறம் பார்த்து, அளவு பார்த்துப் பிரித்து வரிசையாக அடுக்கிவிடுகிறான். தனி வீட்டில் தனிப் பிள்ளையை வைத்துக்கொண்டு கூகுளில் தேடும் அப்பா அம்மாவுக்கு இது எங்கே தெரியும்?

எழுத்து விஷயத்தில் மட்டும் வீட்டு ஆயாக்களோடு ஓயாத வழக்கு. "சிலேட்டைத் தொடவே விடல" என்பது அவர்கள் புகார். விரலுக்குப் பலம் வராமல் பென்சில் பிடிக்க வைத்தால் கை நோகும், எழுத்து மேலேயே வெறுப்பு வரும். 2020 தேசியக் கல்விக் கொள்கையை வேறு பல விஷயங்களுக்குத் திட்டலாம், நானும் திட்டுவேன், ஆனால் மூன்றிலிருந்து எட்டு வயது வரை ஒரே கட்டமாக எடுத்து விளையாட்டு வழியில் கற்க வேண்டும் என்று அது சொல்வது சரி. ஆயாக்களிடம் கொள்கை செல்லாது. அதனால் டீச்சர் அவர்களையே முறைக்கு வரச் சொல்லி, ஒரு முறம் மொச்சையைக் கொடுத்து பிள்ளைகளோடு உரிக்க உட்கார வைத்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து தோலைப் பிளப்பதைக் காட்டி, பென்சிலுக்கும் இதே பிடிதான் என்றார். என் அம்மா பாதி ஒப்புக்கொண்டார். மீதிப் பாதிக்கு இன்னும் நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எல்லாம் இப்படி இனிப்பாகவே இருக்காது. முறைக்கு வர லீவு போட முடிகிறவர்கள் யார்? மாதச் சம்பளக்காரர்கள், கடை வைத்திருப்பவர்கள், வீட்டில் இருக்கும் அம்மாக்கள். இங்கே மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைக் கம்பெனிகளில் வேலை பார்ப்பவருக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. முறையைக் கறாராக வைத்தால் நாளடைவில் வசதிப்பட்டவர்கள் பிள்ளைகளுக்கான பள்ளியாகத்தான் இது முடியும். இப்போது வர முடியாதவர்கள் ஞாயிறு அன்று மணலை மாற்றலாம், சுண்ணாம்பு அடிக்கலாம், கணக்கு எழுதலாம் என்று வைத்திருக்கிறோம். நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்து பாதி தூக்கத்தில் பிள்ளைகளுக்கு கதை சொல்லும் அப்பா ஒருவர் இருக்கிறார், அவர் கதையில் யானை பாதியிலேயே தூங்கிவிடும், பிள்ளைகளுக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறி, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதே, அப்போது முழங்கால் தண்ணீரில் பாயும் புத்தகங்களும் மிதந்தன. முறைக்கு ஒருநாளும் வராத ஒருவர் மோட்டார் பம்போடு வந்து நின்றார். அதற்கப்புறம் அவரை யாரும் முறைப் பட்டியலில் தேடுவதில்லை.

இப்போதைய சண்டை ஃபீஸ் பற்றி. டீச்சர் சம்பளத்தை ஏற்ற வேண்டும், அதில் யாருக்கும் மறுப்பில்லை, ஏற்றினால் இரண்டு வீடுகள் நின்றுவிடும் என்பதும் எல்லாருக்கும் தெரியும். முடிகிறவர்கள் கூடக் கட்டுவது என்று ஒரு யோசனை, ஃபீஸை வெளியே சொல்லாமல் கவரில் போடுவது என்று இன்னொன்று. கவர் வேண்டாம் என்பது என் கட்சி, கணக்கு நோட்டு எல்லார் கண்ணிலும் படும்படி இருப்பதால்தான் இந்த இடம் இத்தனை நாள் ஓடுகிறது. ஞாயிறு கூட்டத்தில் பேசலாம் என்று சொல்லியிருக்கிறார்கள், வாட்ஸ்அப் குழுவில் இப்போதே ஆரம்பித்தாகிவிட்டது.